கொழும்பில் ரேஸிங் பகி: வாங்குவது, பூட்டுவது, ஓடும் நிலையில் வைத்திருப்பது

மண் தடத்தில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டுச் சிறு மாதிரிக் காரான பகி பற்றிய வழிகாட்டிகள் ஏராளம் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, உடைந்த பாகத்தை மாலையில் கடைக்குப் போய் வாங்கிவிடக் கூடிய ஊர்களில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கொழும்பில் நான்கைந்து டொலர் பெறுமதியான முன் சஸ்பென்ஷன் கை ஒன்று உடைந்தாலும், மாற்றுப் பாகம் கையில் இல்லாவிட்டால் வண்டி வாரக்கணக்கில் அலுமாரித் தட்டில் இருக்கும். ஆகவே இங்கே முடிவுகளை எடுக்கும் வரிசையே வேறு: முதலில் உதிரிப்பாகம், அடுத்து ஆவணம், பிறகு பற்றரி, அதன் பின்னரே வேகம். இவற்றைத் தேடித் தேடி அலைந்து அறிந்துகொண்டவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று படிப்படியாக எழுதுகிறேன்.

1. வண்டியைத் தெரிவு செய்தல்

உங்கள் முதல் வண்டி 1/10 அளவிலான (உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு), பின்சக்கர இயக்கமுள்ள மின்சாரப் பகியாக இருக்கட்டும். 1/8 அளவு வண்டிகள் உறுதியானவைதான்; ஆனால் அவற்றின் டயர், பற்றரி, மோட்டர் எல்லாமே விலை கூடியவை, ஓட்டுவதற்கு வேண்டிய இடமும் பெரிது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி ஓட்டுவதற்கு எளிது என்றாலும், டிஃபரன்ஷல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி), டிரைவ் ஷாஃப்ட், பேரிங் என்று தேய்ந்து போகும் பாகங்கள் அதில் கூடுதலாக இருப்பதால், பராமரிப்பு நேரமும் அதற்கேற்பக் கூடும்.

நைட்ரோ எஞ்சின் வண்டியைத் தொடக்கத்தில் நினைக்கவே வேண்டாம். அதன் எரிபொருள் மெதனோலும் நைட்ரோமீத்தேனும் கலந்தது. எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலில் அதை அனுப்ப முடியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் அந்த எஞ்சினின் சத்தத்தை அயலவர் பொறுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

அடுத்த கேள்வி, பாகங்களாக வந்து நாமே பூட்டும் கிட் வாங்குவதா, ஓடத் தயாராக வரும் வண்டியை வாங்குவதா என்பது. பூட்டுவதற்குப் பொறுமை இருந்தால் கிட்டையே வாங்குங்கள். தயாராக வரும் வண்டி அன்றைக்கே ஓடும் என்பது உண்மை. ஆனால் முதல் முறை உடையும்போது அதைக் கழற்றிப் பூட்டத்தான் வேண்டும், அப்போது எந்தத் திருகாணி எங்கே போகிறது என்பது தெரியாமல் தடுமாறுவீர்கள். டீம் அசோசியேட்டட், எக்ஸ்ரே, யொகோமோ, ஷூமாக்கர் போன்ற நிறுவனங்களின் ரேஸிங் கிட்களில் மோட்டர், ரேடியோ, பற்றரி எதுவும் இராது. பலவற்றில் டயர்கூட இராது. இதைப் பெட்டி வந்த பின்னர் அறிபவர்கள் பலர். டாமியாவின் தொடக்கநிலை கிட்கள் விலை குறைந்தவை, மோட்டரும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பேரிங் இன்றி, குண்டுகள் இல்லாத வெறும் புஷ் வளையங்களே தரப்படுகின்றன, ஆதலால் முழுப் பேரிங் தொகுதி ஒன்றையும் அதே கட்டளையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த நிறுவனம் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது இதுதான்: கொழும்பில் ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் எதை வைத்திருக்கிறார்கள்? அவர்களிடம் உள்ள வண்டியையே நீங்களும் வாங்கினால், உடைந்த அன்று ஒரு கையையோ பந்து மூட்டையோ கடனாகப் பெறலாம். சஞ்சிகைகளில் முதலிடம் பெறும் வண்டியைவிட அந்த வசதி பெறுமதியானது.

2. செலவுக் கணக்கு

ரேஸிங் கிட் ஒன்று வெளிநாட்டுக் கடைகளில் ஏறத்தாழ 350 முதல் 500 அமெரிக்க டொலர் வரை விற்கிறது. புதியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறார்கள். ரேடியோ, சேர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டர்), மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, இரண்டு பற்றரி, சார்ஜர், டயர், கருவிகள் ஆகியவற்றைக் கூட்டினால், கிட்டின் விலைக்கு நிகரான இன்னொரு தொகை தேவைப்படும். அதன் மேல் அனுப்புக் கூலியும் சுங்க வரிகளும் வரும். கடனட்டையில் வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும்போது வங்கி தன் மாற்று வீதத்தையும் கட்டணத்தையும் சேர்க்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பணத்தைச் சுருக்க வேண்டிய இடம் மோட்டர். சுருக்கக் கூடாத இடங்கள் சார்ஜரும் சேர்வோவும். மலிவு சார்ஜர் வீட்டுக்கு ஆபத்து. மலிவு சேர்வோவின் பிளாஸ்டிக் பற்கள் தடத்தின் ஓரக் குழாயில் முதல் தடவை மோதும்போதே நொறுங்கும்.

கிட் கட்டளையோடு சேர்த்தே பின்வரும் உதிரிப்பாகங்களை வாங்கிவிடுங்கள்: முன் கைகள் இரண்டு சோடி, பின் கைகள் ஒரு சோடி, கைகளைப் பிடிக்கும் பின்கள், ஸ்டியரிங் புளொக், பந்து மூட்டுக் கப்கள், ஸ்பர் கியர் (மோட்டர் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) இரண்டு, ஷொக் (அதிர்வுதாங்கி) தண்டுகளும் அவற்றின் ஓ வளையங்களும், பின் சிறகு ஒன்று. இவை பாரம் குறைந்தவை. கிட்டோடு ஒரே பெட்டியில் வந்தால் அனுப்புக் கூலி பெரிதாகக் கூடாது. பின்னர் தனியே அழைப்பித்தால், பல வேளைகளில் பாகத்தின் விலையை விட அனுப்புக் கூலி அதிகமாகும்.

3. கட்டளையிடுவதற்கு முன் ஆவணங்கள்

பொதி வந்த பிறகு ஆவணம் தேடுவதே இங்கே பெரும்பாலானோரின் தாமதத்துக்குக் காரணம். கட்டளையிடும் முன்பே இவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: தேசிய அடையாள அட்டையின் பிரதி, விற்பனையாளர் தந்த முழு விலைப்பட்டியல், பணம் செலுத்தியதைக் காட்டும் வங்கிப் பதிவு, ஒவ்வொரு பொருளின் படத்தோடு கூடிய ஒரு பக்க விவரம். சுங்க அதிகாரி பகி என்றால் என்னவென்று கேட்கும்போது, வாயால் விளக்குவதைவிட அந்த ஒரு பக்கம் வேலையை விரைவாக முடிக்கும்.

சுங்க வகைப்பாட்டில் பொழுதுபோக்கு மாதிரி வாகனங்கள் 9503 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. லித்தியம் அயன் பற்றரி 8507.60 இலும், ரேடியோ தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி 8526.92 இலும் தனித்தனியே உள்ளன. ஆகவே ஒரே பெட்டியில் வந்தாலும் மூன்றுக்கும் ஒரே வீதம் என்று எண்ண வேண்டாம். இறக்குமதித் தீர்வை, துறைமுக மற்றும் விமான நிலைய அறவீடு, பொருளைப் பொறுத்துச் செஸ் வரி, பெறுமதி சேர் வரி என்று பல அடுக்குகள் உண்டு. தீர்வைக்கு அடிப்படையாவது பொருளின் விலை, காப்புறுதி, அனுப்புக் கூலி மூன்றும் சேர்ந்த தொகையாகும். 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியோ, முன்னைய தீர்வைகளையும் சேர்த்த தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. வீதங்கள் வர்த்தமானி அறிவித்தலால் மாறுகின்றன. கட்டளையிடும் வாரத்தில் இலங்கைச் சுங்கத்தின் தீர்வை வழிகாட்டியில் இந்த மூன்று எண்களையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ரேடியோ அலை வெளியிடும் கருவிகளை இறக்குமதி செய்வது, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே ரேடியோவின் மாதிரி இலக்கம், அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதைக் காட்டும் தொழில்நுட்பத் தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, கொழும்பு 8 எல்விட்டிகல மாவத்தையிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். ரேடியோவை மட்டும் உள்ளூரில் வாங்க முடிந்தால், விலை சற்றுக் கூடினாலும் அதுவே நல்லது. ஒரு முழு அலைச்சல் குறையும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, பொதியின் மேல் வெறுமனே ரிமோட் கொன்ட்ரோல் என்று எழுதப்பட்டிருப்பது. ட்ரோன்களுக்கு நாட்டில் தனியான அனுமதி முறை இருப்பதால், இத்தகைய தெளிவற்ற விவரம் வீண் சந்தேகத்தைக் கிளப்பும். ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிக் கார், தரையில் ஓடுவது என்று விரிவாக எழுதும்படி விற்பனையாளரைக் கேளுங்கள். இரண்டாவது, விலையைக் குறைத்து எழுதித் தருகிறோம் என்று சில விற்பனையாளர் தாமாகவே முன்வருவது. மறுத்துவிடுங்கள். வங்கிப் பதிவும் விலைப்பட்டியலும் ஒத்துப்போகாத பொதி நீண்ட நாள் நிற்கும். சேமிக்கும் தொகை அந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

கூரியர் நிறுவனம் சுங்க வேலையைத் தானே முடித்துத் தரும், அதற்கெனக் கட்டணமும் அறவிடும். தபாலில் வரும் பொதிக்கு அறிவித்தல் கிடைத்ததும், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு நேரில் போக நேரலாம். காலையிலேயே போங்கள், கோப்பை மறக்காதீர்கள்.

4. பற்றரி வேறு வழியில் வரும்

லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியைத் தனியே விமானத்தில் அனுப்புவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. 2016 ஏப்ரல் முதல், தனியாகப் பொதியிடப்பட்ட லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற அனுமதியில்லை. பல விற்பனையாளர்கள் பற்றரியை இலங்கைக்கு அனுப்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டளை முழுவதும் ஏற்கப்பட்ட பின்னர் பற்றரியை மட்டும் நீக்கி அனுப்பும் கடைகளும் இருப்பதால், முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உள்ளூரில் கிடைக்காவிட்டால், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினர் மூலம் பெறுவதுதான் நடைமுறை. இரண்டு செல் கொண்ட, 7.4 வோல்ட், 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியின் சக்தி, 7.4 ஐ 5 ஆல் பெருக்க 37 வாட் மணி. விமானப் பயணிகளுக்கான பொது விதியில் 100 வாட் மணி வரை முன் அனுமதி தேவையில்லை. ஆனால் உதிரிப் பற்றரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. முனைகளை நாடாவால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இடச் சொல்லுங்கள். விமான நிறுவனத்தின் சொந்த விதியையும் அவர் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மாமாவை விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வைத்துவிட்டு அடுத்த முறை உதவி கேட்க முடியாது.

5. கருவிகள்

1.5, 2.0, 2.5 மில்லிமீட்டர் அலன் சாவிகளை மட்டும் தரமானவையாக, முனை கடினமாக்கப்பட்டவையாக, வெளிநாட்டிலிருந்தே வரவழையுங்கள். மலிவுச் சாவி திருகாணியின் தலையைத் தின்றுவிடும். தலை போன திருகாணியைக் கழற்ற ஒரு முழு மாலை போகும். 5.5, 7 மில்லிமீட்டர் நட்டுச் சாவிகளும் தேவை. டாமியா கிட்டின் திருகாணிகள் ஜப்பானிய நட்சத்திரத் தலை கொண்டவை. சாதாரண ஸ்குரூ டிரைவர் அவற்றில் நழுவும்.

மற்றவை கொழும்பிலேயே கிடைக்கும். வேணியர் அளவுகோல், மூக்கு நீண்ட குறடு, நீல நிறத் திருகாணிப் பசை ஆகியவற்றைப் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் பார்க்கலாம். 60 வாட் சோல்டரிங் அயனும் ஈயமும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உண்டு. பேரிங்குக்குப் பஞ்சிகாவத்தையில் விசாரியுங்கள். உங்கள் வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார், உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு என்ற மூன்று எண்களைச் சொன்னால் புரிந்துகொள்வார். 1/10 பகிகளில் 5, 10, 4 மில்லிமீட்டர் அளவும், 10, 15, 4 மில்லிமீட்டர் அளவுமே அதிகம். தட்டையான பூட்டு மேடைக்கு, சமையலறை மேசை வெட்டும் கடையில் மிஞ்சிய கிரனைட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வண்டியின் உயரத்தை அளக்க அதைவிட நல்ல மேடை இல்லை.

6. பூட்டுதல்

கையேட்டின் வரிசையை மாற்றாதீர்கள், ஒரு பையைத் திறந்து முடித்த பிறகே அடுத்ததைத் திறவுங்கள். உலோகத்துக்குள் போகும் திருகாணிக்கு மட்டும் நீலப் பசை இடவும். பிளாஸ்டிக்கில் அது பட்டால் சில வகைகள் வெடித்துப் போகும். பிளாஸ்டிக்குள் போகும் திருகாணியை, தலை அமர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு அரைச் சுற்று என்று ஆசைப்பட்டால் மரை போய்விடும்.

கைகளைப் பூட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஷொக்கை இணைக்காமல் கையைத் தூக்கி விட்டால், அது தன் பாரத்திலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். தடங்கினால் கையைப் பிடிக்கும் உலோகப் பின் வளைந்திருக்கலாம், அல்லது கையின் துளை இறுக்கமாக இருக்கலாம். இதைத் திருத்தாமல் எத்தனை ஸ்பிரிங் மாற்றினாலும் வண்டி சீராகாது.

ஷொக்குகளுக்கு நேரம் கொடுங்கள். எண்ணெயை நிரப்பி, தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழிகள் எல்லாம் மேலே வரும் வரை பத்து நிமிடமாவது நிமிர்த்தி வையுங்கள். மூடிய பிறகு இடது, வலது இரண்டையும் ஒன்றாக அழுத்தி விடும்போது இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்துக்கு மீள வேண்டும். எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்ணில் ஒரு பொறி உண்டு: வெயிற் (wt) என்று குறிக்கும் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டீம் அசோசியேட்டட் 30 என்பது 350 சென்டிஸ்டோக் (திரவத்தின் பிசுபிசுப்பை அளக்கும் அலகு), 35 என்பது 425. வேறு நிறுவனத்தின் எண்ணெய் வாங்கும்போது சென்டிஸ்டோக் எண்ணையே ஒப்பிடுங்கள்.

மோட்டர் தண்டிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்ய, மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவில் வைத்து மோட்டரை நெருக்கி இறுக்கிவிட்டு, பின்னர் கடதாசியை உருவிவிடவும். ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அது முழு வட்டமாக இராமல், ஓர் இடத்தில் இறுகக் கூடும்.

7. மின் இணைப்பும் ரேடியோவும்

தொடக்கத்துக்கு 17.5 சுற்று மோட்டர் போதும் (சுற்று என்பது மோட்டருக்குள் கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கை). 13.5 சுற்று மோட்டர் வேகம் கூடியது, 7.5 போன்ற எண்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், எண் குறையக் குறைய வேகமும் சூடும் ஏறும். கியர் விகிதத்தை நீங்களே கணக்கிடலாம்: ஸ்பர் பற்களைப் பினியன் பற்களால் வகுத்து, வந்ததைக் கியர்ப் பெட்டியின் உள் விகிதத்தால் பெருக்குங்கள். உள் விகிதம் 2.6 உள்ள வண்டியில் 72 பல் ஸ்பரும் 27 பல் பினியனும் 6.93 தரும். இது பாதுகாப்பான தொடக்கம். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டரை அளவிடுங்கள். 70 பாகை செல்சியசைத் தாண்டினால் பினியனைச் சிறிதாக்குங்கள். கொழும்பு மத்தியானத்தில் காற்றே 30 பாகைக்கு மேல் இருப்பதால், குளிர்நாட்டவர் பரிந்துரைக்கும் பினியனை அப்படியே ஏற்க வேண்டாம்.

சேர்வோவின் தண்டில் பொருத்தும் சிறு கையான கொம்பை வாங்கும்போது தண்டின் பற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபுட்டாபா, சவொக்ஸ் வகைகளுக்கு 25, சன்வா, கே.ஓ. வகைகளுக்கு 23. தவறான கொம்பு முதலில் அமர்ந்தது போலத் தோன்றி, ஓட்டத்தின் நடுவில் வழுக்கும். கொம்பைப் பூட்டுவதற்கு முன் ரேடியோவை இயக்கிச் சேர்வோவை நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டியரிங் எல்லையை, சக்கரம் முழுதாகத் திரும்பிய நிலையில் சேர்வோ முனகாத அளவுக்குக் குறைத்துவையுங்கள்.

ரேடியோத் தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில் சேஃப் அமைப்பைத் தவறவிடாதீர்கள். சக்கரங்கள் நிலத்தில் படாதவாறு வண்டியை உயர்த்தி வைத்து, சிறிது வேகம் கொடுத்தபடியே ரேடியோவை அணையுங்கள். சக்கரங்கள் உடனே நிற்க வேண்டும். நிற்காத வண்டியை வெளியே எடுத்துப் போகக் கூடாது. இயக்கும்போது ரேடியோ முதலில், வண்டி பின்னர். அணைக்கும்போது வண்டி முதலில், ரேடியோ பின்னர்.

8. தொடக்க அமைப்பு

முதல் ஓட்டத்துக்கு இந்த அளவுகள் போதும். பற்றரியோடு வண்டியைக் கிரனைட் மேடையில் இரண்டு மூன்று தடவை அழுத்தி விட்டு அளக்கும்போது, முன்னும் பின்னும் உயரம் 22 முதல் 24 மில்லிமீட்டர். மேடு பள்ளம் கூடிய திடல் என்றால் 26. நான்கு சக்கரங்களும் மேற்பக்கம் உள்நோக்கி ஒரு பாகை சாய்ந்திருக்கட்டும். பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் மூன்று பாகை உட்புறம் நோக்கியும், முன் சக்கரங்கள் நேராகவோ ஒரு பாகை வெளிப்புறம் நோக்கியோ இருக்கலாம். ஷொக் எண்ணெய் முன்னே 425, பின்னே 350 சென்டிஸ்டோக். கியர் டிஃபரன்ஷலுக்கு 5000 சென்டிஸ்டோக் எண்ணெய். மோட்டரின் திடீர் இழுவையைத் தணிக்கும் ஸ்லிப்பர் கிளச், நின்ற நிலையிலிருந்து முழு வேகம் கொடுக்கும்போது ஓர் அடி தூரம் வரை மட்டும் வழுக்கி, பிறகு பிடிக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாவற்றையும்விட டயரே முக்கியம், அதனால்தான் அதைப் பற்றிச் சற்று நீட்டி எழுதுகிறேன். கொழும்புப் பகுதியின் சிவந்த கபுக் மண், வெயிலில் மேலே தூளும் சிறு கல்லுமாக, அடியில் கெட்டியாக இருக்கும். மழை பெய்து ஒரு மணி நேரத்தில் அதே திடல் பிசுபிசுக்கும். காய்ந்த நாளில் குறுகிய, நெருக்கமான முட்களுள்ள பின் டயரும், வரிகள் ஓடும் முன் டயரும் பொருந்தும். ஈரத்தில் முட்கள் நீண்டு, இடைவெளி கூடிய டயர் வேண்டும், இல்லாவிட்டால் மண் அப்பிக்கொண்டு சக்கரம் வெறும் உருண்டையாகிவிடும். இந்த இரண்டு சோடிகளோடு ஆண்டு முழுவதும் சமாளிக்கலாம். மென்மையான கலவை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இந்தக் கல்மண்ணில் விரைவில் தேயும். பயிற்சிக்கு நடுத்தரக் கலவையே சிக்கனம். டயரை ரிம்மில் ஒட்டும் முன் இரண்டின் ஓரத்தையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள், மெல்லிய சுப்பர் குளூவைச் சிறிது சிறிதாக விட்டு ஒட்டுங்கள், ஓர் இரவு காய விடுங்கள். ரிம்மில் காற்றுத் துளை இருந்தால் ஈர நாட்களில் நாடாவால் மூடுங்கள். உள்ளே உள்ள பஞ்சு நீரை உறிஞ்சினால் சக்கரம் அதிர்ந்து பேரிங்கைக் கெடுக்கும்.

பிறகு மாற்றங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் வழுக்கினால், பற்றரியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள் அல்லது பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். வளைவுக்குள் நுழையும்போது வண்டி திரும்ப மறுத்தால், பற்றரியை முன்னே நகர்த்துவதோ முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குவதோ உதவும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று யோசிப்பவர்கள் பருவம் முழுவதும் யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

9. எங்கே ஓட்டுவது

கடற்கரை வேண்டவே வேண்டாம். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் மணல் கண்ணுக்கு அழகாக விரிந்து கிடக்கும், ஆனால் உப்பு கலந்த அந்த மணல் ஒரே மாலையில் பேரிங், மோட்டர், டிஃபரன்ஷல் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும். பொது வீதியும் ஆகாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள வண்டி முழு வேகத்தில் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியக் கூடும்.

திடலில் ஓட்டுவதென்றால், அது மாநகர சபையுடையதோ, பாடசாலையுடையதோ, தனியாருடையதோ, பொறுப்பானவரிடம் திகதியும் நேரமும் குறித்து எழுத்தில் அனுமதி பெறுங்கள். கிரிக்கெட் ஆடுவோர் வருவதற்கு முன்னைய காலை நேரம் எல்லாருக்கும் நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால் அப்போதும் காலையே பாதுகாப்பு.

குழுவாக ஓட்டும்போது ஒரு மரபு உண்டு. உங்கள் ஓட்டம் முடிந்ததும் ரேடியோவை வைத்துவிட்டு, அடுத்த ஓட்டத்தில் கவிழும் வண்டிகளை நிமிர்த்தி விடத் தடத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். 1/10 மின்சார வண்டிகளுக்கு ஓட்டம் வழக்கமாக ஐந்து நிமிடம்தான். இந்தக் கடமையைத் தட்டிக் கழிப்பவருக்கு உதிரிப்பாகம் கடன் கிடைப்பதும் அரிது.

10. ஓட்டத்தின் பின்

வீட்டுக்கு வந்ததும் பற்றரியை வெளியே எடுங்கள். பிறகு காய்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டி, காற்றடிக்கும் கருவி இருந்தால் அதனால் ஊதுங்கள். தண்ணீர்க் குழாயை வண்டியின் மேல் திருப்ப வேண்டாம். ஈர மண்ணைக் காயவிட்டு உதிர்ப்பதே நல்லது. மழையில் ஓடிய வண்டியை அன்றிரவே திறந்து, மின்விசிறியின் கீழ் வையுங்கள், மறுநாள் என்று தள்ளிப் போட்டால் பேரிங் உள்ளே துருப் பிடித்துக் கரகரக்கும்.

ஒவ்வொரு ஓட்ட நாளின் பின்னும் பார்க்க வேண்டியவை: சக்கர நட்டுகள், மோட்டர்த் திருகாணிகள், கைகளின் தடையற்ற அசைவு, ஷொக்கின் அடியில் எண்ணெய்க் கசிவு, ஸ்பர் பற்கள். பேரிங்கைக் கழற்றி விரலில் சுழற்றுங்கள். கரகரத்தால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அதன் பின்னும் கரகரப்பது குப்பைக்கு. சில ஓட்ட நாட்களுக்கு ஒரு தடவை ஷொக் எண்ணெயை மாற்றுங்கள், கறுத்து வந்தால் இன்னும் முன்னதாகவே. டிஃபரன்ஷலை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும்.

காலி வீதிக்குக் கடற்பக்கமாகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஓட்டாத வண்டியையும் அந்த உப்புக் காற்று அரிக்கும். திருகாணிகளையும் உதிரிப் பேரிங்குகளையும் காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள்.

11. லிப்போ பற்றரி

சார்ஜரில் லிப்போ, இரண்டு செல், பலன்ஸ் (செல்களைச் சமமாக ஏற்றும் முறை) என்று தெரிவு செய்து, 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 5 அம்பியரில் சார்ஜ் செய்யுங்கள். முழு அளவு 8.4 வோல்ட். ஓட்டும்போது ஒரு செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி வேகக் கட்டுப்படுத்தியில் எல்லை இடுங்கள். சார்ஜ் ஏறும்போது அறையை விட்டுப் போகக் கூடாது, தீப்பற்றாத பையிலோ சீமெந்துத் தரையிலோ வைக்க வேண்டும். கட்டிலும் மெத்தை நாற்காலியும் அதற்குரிய இடங்களல்ல.

ஓட்டம் இல்லாத நாட்களில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் இருக்க வேண்டும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற தெரிவு அதற்கானது. முழுதாக ஏற்றிய பற்றரியை வாரக்கணக்கில் விட்டால் அது உப்பி வீங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் இன்னும் விரைவாக. உப்பிய பற்றரியைத் திரும்பவும் சார்ஜ் செய்யாதீர்கள். அதைத் திறந்த வெளியில், சிறு மின்குமிழ் ஒன்றோடு இணைத்து முழுதாக வடியவிட்டு, முனைகளை நாடாவால் மூடி, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லொறிக்குள் நசுங்கித் தீப்பற்றக் கூடும்.

புதிய பற்றரிக்கு வழி தேடும் அந்த வேளையிலேயே உதிரிப்பாகப் பெட்டியையும் திறந்து எண்ணுங்கள். முன் கை ஒரு சோடிக்குக் குறைந்திருந்தால், வண்டி இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அடுத்த கட்டளைக்கான நேரம் வந்துவிட்டது.